நாகசாகிக்கு உத்தரவிட்டது யார்? – ஒரு நிகழ்வு ஆய்வு

போரை முடிக்க அணுகுண்டு வீசியது நியாயமா என்று கேட்டால் பேச்சு நேராக ஹிரோஷிமாவுக்குப் போய்விடும். நாகசாகி அதன் வாலாக ஒட்டிக்கொண்டு வருகிறது. பள்ளிப் பாடநூல் முதல் பட்டிமன்ற மேடை வரை இரண்டையும் ஒரே செயலாகவே பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பை எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15க்கு முதல் குண்டு வெடித்தது. ஆகஸ்ட் 9, காலை 11.02க்கு இரண்டாவது வெடித்தது. இடைவெளி 75 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஹிரோஷிமாவைப் பற்றிய வாதத்தில் நேர்மையான மனிதர்கள் இரு பக்கமும் நிற்க முடியும் என்று ஒப்புக்கொள்கிறேன். நாகசாகியைப் பொறுத்தவரை அப்படி நிற்க இடமில்லை. முதல் குண்டுக்குச் சொல்லப்படும் காரணங்கள் அத்தனையையும் ஏற்றுக்கொண்டாலும் இரண்டாவது குண்டு தனக்கென்று ஒரு காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தை ஆவணங்களில் தேடினால் கிடைப்பது ஒரு வானிலை அறிக்கைதான். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஆதரவு வாதத்தின் வலு

முதலில் குண்டை ஆதரிப்பவர்களின் வாதத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை ஒகினாவாவில் இறங்கியது. ஜூன் பிற்பகுதியில் சண்டை ஓய்ந்தபோது அமெரிக்கத் தரப்பில் 12,000க்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள். தீவைக் காத்த ஜப்பானியப் படை ஏறக்குறைய முழுமையாக அழிந்தது. ஒகினாவா மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார். ஒரு சிறு தீவுக்கே இந்த விலை. அடுத்து நவம்பர் 1 அன்று ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவிலும், 1946 மார்ச்சில் டோக்கியோ இருக்கும் முதன்மைத் தீவான ஹோன்ஷூவிலும் தரையிறங்கத் திட்டம் தயாராக இருந்தது. ஜப்பானியரின் ரகசியச் செய்திகளை இடைமறித்துப் படித்துவந்த அமெரிக்கர்களுக்கு, தெற்குக் கியூஷூவில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு படை குவிந்துவருவது ஜூலை முழுவதும் தெரிந்துகொண்டே இருந்தது.

போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரை வழியாகத்தான் 'பத்து லட்சம் அமெரிக்கச் சேதம்' (இறந்தோரும் காயமடைந்தோரும் சேர்த்து) என்ற எண் ஊரெல்லாம் பரவியது. 1945 ஜூனில் இராணுவத் திட்டக்குழுவினர் போட்ட கணக்கில் இறப்பு எண்ணிக்கை பல்லாயிரம் என்ற அளவில்தான் இருந்தது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆதரவு வாதமே பொய் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. நாற்பதாயிரம் இளைஞர்களின் உயிரும் ஒரு அதிபருக்குப் பெரிய சுமைதான். இறங்கும் படையால் சாகப்போகும் ஜப்பானியர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்காக இருந்திருக்கும்.

ஆசியாவையும் மறக்கக் கூடாது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் மாதந்தோறும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நம் மக்களும் அதில் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் காலராவுக்கும் பட்டினிக்கும் அடிஉதைக்கும் பலியானார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பராமரிப்பு வேலைக்கென்று பலர் காட்டிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். 1945 செப்டம்பர் 9 அன்று மலாயாவின் மேற்குக் கரையில், மோரிப் – போர்ட் டிக்சன் பகுதியில், பிரிட்டிஷ் இந்தியப் படைகளை இறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்குள் ஜப்பான் பணிந்துவிட்டதால் படை எதிர்ப்பின்றி இறங்கியது. போர் நீண்டிருந்தால் தமிழர்கள் நெருக்கமாக வாழ்ந்த தோட்டப் பகுதிகள் போர்க்களமாகியிருக்கும். ஜப்பான் ஆகஸ்டிலேயே சரணடைந்ததால் உயிர் பிழைத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் கிள்ளானிலும் சிரம்பானிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'போர் இன்னும் மூன்று மாதம் நீண்டால் என்ன?' என்று கேட்க எனக்கு நா எழாது.

மறுபக்கத்தின் வாதங்களும் தெரிந்தவைதான். பேரரசர் பதவி நீடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டிம்சனே அதை விரும்பினார். சோவியத் படை நுழையும்வரை காத்திருக்கலாம். மக்கள் இல்லாத இடத்தில் குண்டைக் காட்டியிருக்கலாம் என்று ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையிலான விஞ்ஞானிகள் ஜூனிலேயே எழுதிக் கொடுத்தார்கள். முன்னெச்சரிக்கை வேண்டும் என்று கடற்படைத் துணைச் செயலர் ரால்ஃப் பார்ட் தனியாகக் குறிப்பு எழுதினார். அணுகுண்டு இல்லாமலே, 1945 முடிவதற்குள் ஜப்பான் நிச்சயம் சரணடைந்திருக்கும் என்று 1946இல் அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வுக் குழு முடிவு சொன்னது. இவை ஒவ்வொன்றுக்கும் பதிலுண்டு, பதிலுக்குப் பதிலும் உண்டு. ஹிரோஷிமா வழக்கு இப்படியே எண்பது ஆண்டுகளாக நடக்கிறது. அன்று காலை தீத்தடுப்பு இடைவெளிக்காக வீடுகளை இடிக்க அழைத்துவரப்பட்டிருந்த பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் செத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு எந்தப் பதிலும் போதவில்லை. ஆயினும் அந்த வழக்கு வழக்காகவே இருக்கட்டும்.

உத்தரவுக் காகிதம்

ஜூலை 25 அன்று வாஷிங்டனில் ஒரு சுருக்கமான உத்தரவு எழுதப்பட்டது. பசிபிக் பகுதியின் விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பப்பட்டது அது. இப்படிப்பட்ட காரியத்துக்கு வாய்மொழிக் கட்டளை போதாது, எழுத்தில் வேண்டும் என்று ஸ்பாட்ஸ் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தவர் அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ். தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் பாட்ஸ்டாம் மாநாட்டுக்காக ஜெர்மனியில் இருந்ததால், அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவர் ஜெனரல் தாமஸ் ஹாண்டி. ஸ்டிம்சனும் மார்ஷலும் பாட்ஸ்டாமிலிருந்தே ஒப்புதல் அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தில் அதிபர் ட்ரூமனின் கையெழுத்து இல்லை.

அதில் இருப்பது இதுதான்: ஆகஸ்ட் 3 வாக்கில், கண்ணால் பார்த்துக் குண்டுவீசும் அளவுக்கு வானம் தெளிந்தவுடன், ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கில் ஒன்றின் மீது முதல் சிறப்புக் குண்டை வீச வேண்டும். கூடுதல் குண்டுகள் திட்டப் பணியாளர்களால் தயாராக்கப்பட்டதும் அவற்றையும் இதே இலக்குகள் மீது வீச வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் படிக்க வேண்டுகிறேன். முதல் குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று அதில் இல்லை. ஜப்பான் என்ன பதில் சொல்கிறது என்று கவனிக்கச் சொல்லவில்லை. வாஷிங்டனிடம் மீண்டும் கேட்கச் சொல்லவும் இல்லை. குண்டு தயார் என்பது ஒன்றே நிபந்தனை. ஜப்பான் சரணடையாவிட்டால் 'உடனடியான, முற்றான அழிவு' வரும் என்று எச்சரித்த பாட்ஸ்டாம் பிரகடனம் மறுநாள், ஜூலை 26 அன்றுதான் வெளியானது. எச்சரிக்கைக்கு முன்பே தண்டனை எழுதப்பட்டுவிட்டது. பிரகடனத்தை ஜப்பான் ஏற்றால் உத்தரவை நிறுத்தியிருப்பார்கள் என்பது உண்மைதான். நிறுத்தத்தான் ஒரு புதிய கட்டளை வேண்டும். தொடர ஒன்றுமே வேண்டாம் என்ற ஏற்பாடு அது.

பட்டியலில் நாகசாகி கடைசி நேரத்தில் வந்த பெயர். மே மாதத்தில் இலக்குக் குழு முதலிடம் கொடுத்த நகரம் கியோட்டோ. பழைய தலைநகரம், கோயில்களின் நகரம். அதை அழித்தால் ஜப்பானியர்களின் மனக்கசப்பு ஒருநாளும் ஆறாது, அவர்கள் ரஷ்யாவின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று ஸ்டிம்சன் பிடிவாதமாக மறுத்தார். குரோவ்ஸ் விடாமல் கேட்டும் அவர் இறங்கிவரவில்லை. கியோட்டோ நீங்கியது, அந்த இடத்துக்கு நாகசாகி வந்தது. மலைகளால் பிரிக்கப்பட்ட, ஏற்கெனவே சாதாரணக் குண்டுகள் விழுந்திருந்த ஒரு துறைமுக நகரம். குண்டின் ஆற்றலை அளக்க வேண்டும் என்று குழு விரும்பிய வகையில் அது நல்ல இலக்குகூட இல்லை.

ஒரு நகரத்தைக் காப்பாற்ற ஒரு மனிதரின் உறுதி போதுமானதாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முடிவெடுக்கும் வசதி அந்த அமைப்பில் இருந்தது. ஆகஸ்ட் 6க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை.

தேதி எப்படி வந்தது

இரண்டாவது குண்டுக்குக் குறித்த நாள் ஆகஸ்ட் 11. குண்டுவீச்சு விமானங்களின் தளமான, பசிபிக் கடலின் டினியன் தீவில் இருந்த வானிலை ஆய்வாளர்கள் 10ஆம் தேதி முதல் சில நாட்கள் வானம் மோசமாக இருக்கும் என்றார்கள். எனவே வேலையை முடுக்கிவிட்டு 9ஆம் தேதிக்கு மாற்றினார்கள். தேதி மாறியதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. டோக்கியோவிலிருந்து வந்த செய்தியோ வராத செய்தியோ அதற்குக் காரணம் ஆகவில்லை.

அந்த நாட்களில் ட்ரூமன் எங்கே இருந்தார்? ஹிரோஷிமா எரிந்தபோது அவர் அட்லாண்டிக் கடலில், பாட்ஸ்டாமிலிருந்து திரும்பும் கப்பலில் இருந்தார். 7ஆம் தேதி இரவு வாஷிங்டன் வந்து சேர்ந்தார். 8ஆம் தேதி ஸ்டிம்சன் அவரைச் சந்தித்து ஹிரோஷிமாவின் அழிவைக் காட்டும் படத்தைக் காண்பித்தார். ஜப்பான் நேரப்படி மறுநாள் இன்னொரு நகரம் அழியப்போகிறது. அதற்காக அவரிடம் தனியாக எவரும் அனுமதி கேட்கவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஜூலை 25 அன்று தன் நாட்குறிப்பில், பெண்களும் குழந்தைகளும் இலக்காகாமல் இராணுவ இலக்குகளும் படைவீரர்களுமே இலக்காகும்படி பயன்படுத்த ஸ்டிம்சனிடம் சொல்லியிருப்பதாக எழுதியவர் அவர். அந்த வரியை அவர் உண்மையாகவே நம்பி எழுதினார் என்று எடுத்துக்கொண்டால், தன் பெயரால் நடப்பது என்ன என்பது அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை என்றாகிறது. நம்பாமல் எழுதினார் என்றால் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 9 அதிகாலை டினியனிலிருந்து மேஜர் சார்லஸ் ஸ்வீனி ஓட்டிய 'போக்ஸ்கார்' விமானம் புறப்பட்டது. ஒரு எரிபொருள் பம்ப் வேலை செய்யவில்லை. சுமார் 600 காலன் பெட்ரோல் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. யாகுஷிமா தீவுக்கு மேலே துணை விமானத்துக்காக முக்கால் மணி நேரம் சுற்றினார்கள். முதல் இலக்கு கொக்குரா. அங்கே மூடுபனியும் புகையும். மூன்று முறை மேலே வந்து பார்த்தும் ஆயுதத் தொழிற்சாலை கண்ணுக்குப் படவில்லை. எரிபொருள் கரைந்துகொண்டிருந்தது. நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கும் மேகம். கண்ணால் பார்த்துத்தான் வீச வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் குண்டைத் திரும்பக் கொண்டுபோக எரிபொருள் இல்லை. ரேடார் வழியாகவே வீசிவிடலாம் என்று விமானத்திலிருந்த ஆயுதப் பொறுப்பாளர் ஃபிரெடெரிக் ஆஷ்வொர்த் சம்மதித்தார். கடைசி நொடிகளில் மேகத்தில் ஒரு இடைவெளி தெரிந்தது என்று குண்டு வீசிய கெர்மிட் பீஹன் சொன்னார்.

குறியிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வடக்கே, உரக்காமி பள்ளத்தாக்கின் மேல் அது வெடித்தது. மிட்சுபிஷி ஆயுத ஆலைகள் அங்கே இருந்தன. ஆசியாவின் பெரிய தேவாலயங்களில் ஒன்றான உரக்காமி தேவாலயம் இருந்தது, நாகசாகி மருத்துவக் கல்லூரி இருந்தது, பள்ளிகளும் இருந்தன. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்து தங்கள் மதத்தைக் காத்த கிறிஸ்தவர்களின் ஊர் அது. அந்தப் பகுதியின் சுமார் 12,000 கத்தோலிக்கர்களில் 8,500 பேர் மாண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நகரம் முழுவதும் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் 70,000க்கு மேல். அவர்களில் கொரியாவிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு.

குண்டு அன்று ஒரு ஊரின் மேல் விழும் என்பதைத் தவிர, அதன் பாதையில் எதுவும் எவருடைய தீர்மானமாகவும் இல்லை. தேதியை வானிலை தீர்மானித்தது. ஊரைப் புகை தீர்மானித்தது. இடத்தை எரிபொருள் தீர்மானித்தது. ஹிரோஷிமாவை ஆதரிப்பவர்கள் 'கனத்த மனத்தோடு எடுத்த முடிவு' என்று பேசுவார்கள். இங்கே மனம் கனக்க ஒருவரும் உட்காரவே இல்லை.

டோக்கியோவில் அந்த மூன்று நாட்கள்

ஹிரோஷிமாவுக்குப் பிறகும் ஜப்பான் அசையவில்லை, அதனால் இரண்டாவது தேவைப்பட்டது என்பது பரவலான பேச்சு. டோக்கியோவில் நடந்ததைப் பார்ப்போம்.

ஒரே குண்டில் ஒரு நகரம் போய்விட்டது என்ற செய்தி டோக்கியோவுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. தொடர்புகள் எல்லாம் அறுந்திருந்தன. அணுகுண்டு என்று அறிவித்த ட்ரூமனின் அறிக்கை 7ஆம் தேதி அதிகாலை வானொலியில் கேட்டது. இது எதிரியின் பிரசாரமாக இருக்கலாம் என்று இராணுவம் தட்டிக்கழித்தது. உண்மை அறிய இயற்பியலாளர் யோஷியோ நிஷினா உள்ளிட்ட குழுவை அனுப்பினார்கள். நிஷினா 8ஆம் தேதிதான் ஹிரோஷிமாவை அடைய முடிந்தது. அதே 8ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஷிகெனோரி டோகோ பேரரசரைச் சந்தித்தார்; இப்படிப்பட்ட ஆயுதம் வந்துவிட்ட பின் போரை முடித்தாக வேண்டும் என்று பேரரசர் சொன்னார். ஆறு பேர் கொண்ட உச்சப் போர்க்குழுவை அன்றே கூட்டும்படி டோகோ கேட்டார். ஒரு உறுப்பினரால் வர முடியவில்லை என்று கூட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

இந்த இடத்தில் எனக்கு ஜப்பானியத் தலைவர்கள் மீது வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு நகரம் சாம்பலாகிக் கிடக்கும்போது ஆறு பேர் ஒன்றுகூட இரண்டு நாள் ஆகிறது. மார்ச் 10 அன்று டோக்கியோவிலேயே ஒரே இரவில் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் பேர்வரை எரிந்து செத்தபோதும் இவர்கள் இப்படித்தான் இருந்தார்கள். ஜூலையில் மாஸ்கோ தூதர் நவோடாகே சாட்டோ, அரசகுல முறையை மட்டும் காத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஏற்றுச் சரணடைவதே வழி என்று வெளிப்படையாக எழுதினார். நிபந்தனையற்ற சரணுக்கு எந்த நிலையிலும் இணங்க முடியாது என்று டோகோ பதில் அனுப்பினார். தம் மக்களின் சாவுக்கு இவர்களும் பொறுப்பு.

9ஆம் தேதி நள்ளிரவு கழிந்தவுடன் சோவியத் படைகள் ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவுக்குள் பாய்ந்தன. ஸ்டாலினை நடுவராக வைத்துக் கௌரவமான சமாதானம் பேசலாம் என்று ஜப்பான் கட்டியிருந்த கடைசி மனக்கோட்டையும் அதோடு இடிந்தது. அன்று காலை 10 மணிக்குச் சற்று முன், பேரரசர் தம் நெருங்கிய ஆலோசகரான முத்திரைக் காப்பாளர் கொய்ச்சி கிடோவை அழைத்தார். சோவியத் போரில் இறங்கிவிட்டது, போரை முடிப்பது பற்றிப் பிரதமரோடு பேசுங்கள் என்று சொன்னார். கிடோவின் நாட்குறிப்பில் இது இருக்கிறது. போர்க்குழு பத்தரை மணி வாக்கில் கூடியது. நாகசாகியில் குண்டு வெடித்தது 11.02க்கு.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அந்தச் செய்தி வந்தது. விளைவு? பிரதமர் சுசுகி, டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய் ஆகிய மூவரும் அரசகுல முறை நீடிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சரணடையலாம் என்றார்கள். இராணுவ அமைச்சர் அனாமி, தளபதிகள் உமெசு, டோயோடா ஆகியோர் மேலும் மூன்று நிபந்தனை கேட்டார்கள்: ஆயுதங்களை நாங்களே களைவோம், போர்க்குற்றவாளிகளை நாங்களே விசாரிப்போம், ஆக்கிரமிப்புப் படை வேண்டாம். நாகசாகிச் செய்தி வந்த பின்னும் மூவருக்கு மூவர் என்பது மாறவில்லை.

அன்று மாலை அமைச்சரவையிலும் இழுபறி. நள்ளிரவை ஒட்டி அரண்மனையின் நிலவறையில் கூடிய கூட்டத்தில்தான் பேரரசர் டோகோவின் பக்கம் சாய்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

'ஒன்று போதாது' என்ற வாதம்

இரண்டாவது குண்டை ஆதரிப்பவர்களின் மிகச் சிறந்த வாதம் குரோவ்ஸிடமிருந்து வருகிறது. முதல் குண்டு ஆற்றலைக் காட்டும். இரண்டாவது, இது ஒரே ஒரு குண்டு அல்ல, எங்களிடம் வரிசையாக வருகிறது என்று காட்டும் என்பது அவர் எண்ணம். இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அமெரிக்காவிடம் பல குண்டுகள் இருக்க முடியாது என்று டோயோடா உண்மையிலேயே வாதிட்டார். நாகசாகி அந்த வாதத்தை உடைத்தது. பிறகு பேரரசர் முடிவெடுத்ததில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

இருந்தாலும் அனாமியைக் கவனியுங்கள். அமெரிக்காவிடம் நூறு குண்டுகள் இருக்கின்றன, அடுத்த இலக்கு டோக்கியோ என்று பிடிபட்ட அமெரிக்க விமானி ஒருவர் சொன்னதை அன்று அமைச்சரவையில் எடுத்துச் சொன்னவரே அவர்தான். அடி தாங்காமல் அந்த விமானி சொன்ன கட்டுக்கதை அது; அனாமி அதை நம்பினார். நம்பியும் தொடர்ந்து போராடத்தான் சொன்னார். குண்டுகள் ஏராளம் என்று காட்டினால் பணிவார்கள் என்ற கணிப்பு, யாரைப் பணியவைக்க வேண்டுமோ அவரிடமே பலிக்கவில்லை.

வரிசையாக வருகிறது என்று காட்ட 9ஆம் தேதியே வீசியிருக்க வேண்டுமா? 11ஆம் தேதி வீசியிருந்தாலும் 15ஆம் தேதி வீசியிருந்தாலும் அதே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். கியூஷூ படையெடுப்புக்கு இன்னும் பன்னிரண்டு வாரம் இருந்தது. சோவியத் தாக்குதலின் விளைவைப் பார்க்க ஒரு வாரம் காத்திருந்தால் எந்த அமெரிக்கச் சிப்பாயும் கியூஷூ கடற்கரையில் செத்திருக்க மாட்டான். மலாயாவிலும் சீனாவிலும் அந்த ஒரு வாரத்தில் மக்கள் செத்திருப்பார்கள் என்பது உண்மை. அந்தக் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு 9ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை. பின்னாளில் நாம் கண்டுபிடிக்கும் காரணத்தை அன்றைய செயலுக்குக் காரணமாக வைக்க முடியாது. நாஜிகள் மீதான நூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அமெரிக்காவின் வழக்கறிஞராக இருந்த டெல்ஃபோர்ட் டெய்லர், ஹிரோஷிமாவை வாதத்துக்குரியதாக விட்டுவிட்டு, நாகசாகிக்கு ஏற்கத்தக்க நியாயம் எதையும் தான் கேட்டதே இல்லை என்றார். என் நிலைப்பாடும் அதுவே.

புளுட்டோனியக் குண்டைச் சோதித்துப் பார்க்கத்தான் நாகசாகி என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி வருகிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்த வகைக் குண்டு ஜூலை 16 அன்றே நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்க்கப்பட்டது. சோதிக்கப்படாமல் வீசப்பட்டது ஹிரோஷிமாவின் யுரேனியக் குண்டுதான். நாகசாகியை அழித்தவர்களிடம் அப்படியொரு தீய நோக்கம் இருந்தது என்று சொன்னால், நோக்கமே இல்லாமல் அது நடந்தது என்ற பெரிய குற்றம் மறைந்துபோகும்.

ஆகஸ்ட் 10

ஜப்பானின் சரண் செய்தி சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் வழியாக 10ஆம் தேதி வந்தது. அதே நாள் குரோவ்ஸ், அடுத்த குண்டு ஆகஸ்ட் 17 அல்லது 18க்குப் பின் முதல் நல்ல வானிலையில் வீசத் தயாராகிவிடும் என்று மார்ஷலுக்குக் குறிப்பு அனுப்பினார். அந்தக் குறிப்பின் கீழே மார்ஷல் தம் கையால் எழுதினார்: அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இதை ஜப்பான் மீது வீசக் கூடாது.

அன்றைய அமைச்சரவைக் கூட்டத்தில் ட்ரூமன் சொன்னதை வணிகச் செயலர் ஹென்றி வாலஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பது என்ற நினைப்பே பயங்கரமாக இருக்கிறது என்றாராம். அந்தக் குழந்தைகளையெல்லாம் கொல்வது தனக்குப் பிடிக்கவில்லை என்றாராம். மறுநாள் 11ஆம் தேதி, குண்டுவீச்சைக் கண்டித்து எழுதிய தேவாலயக் கூட்டமைப்பின் செயலருக்கு அதே ட்ரூமன், மிருகத்தோடு பழகும்போது அதை மிருகமாகத்தான் நடத்த வேண்டும் என்று பதில் எழுதினார். இரண்டும் ஒரே மனிதரின் வாயிலிருந்து ஒரு நாள் இடைவெளியில் வந்தவை. எது உண்மையான ட்ரூமன் என்று தேடுவதில் பயனில்லை. அவர் செயல் தெளிவாக இருக்கிறது: குண்டின் மீது தன் கையை வைத்தது 10ஆம் தேதி. அதிபர் சொன்னால்தான் அணுகுண்டு என்ற விதி அன்று பிறந்தது. சில நாள் முன்பு பிறந்திருந்தால் உரக்காமி இருந்திருக்கும். தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில் இது: நாகசாகிக்கென்று யாரும் உத்தரவிடவில்லை. நிறுத்தும் அதிகாரம் இருந்த ஒவ்வொருவரும் சும்மா இருந்தார்கள். பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டுமென்றால் ட்ரூமன், ஸ்டிம்சன், மார்ஷல், குரோவ்ஸ் என்ற வரிசையில் சொல்வேன்.

நீதிமன்றம் சொன்னது

1955இல் ஹிரோஷிமா, நாகசாகியில் பாதிக்கப்பட்ட ஐவர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் ஜப்பானிய அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தில் அமெரிக்காவிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை ஜப்பான் விட்டுக்கொடுத்துவிட்டதால், அந்த உரிமையைப் பறித்த அரசே பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஷிமோடா வழக்கு என்று அது பெயர் பெற்றது.

1945 ஆகஸ்ட் 10 அன்று, இந்த ஆயுதம் சர்வதேசச் சட்டத்தை மீறுகிறது என்று சுவிட்சர்லாந்து வழியாக அமெரிக்காவுக்குக் கண்டனம் அனுப்பியது ஜப்பானிய அரசு. அதே அரசு நீதிமன்றத்தில் நின்று, அது சட்டவிரோதம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அன்று போரிடும் நாடாக எழுதியது வேறு என்று வாதிட்டது. சொந்த மக்களுக்கு இழப்பீடு கொடுக்காமல் இருப்பதற்காக அவர்களைக் கொன்ற குண்டுக்கே வக்காலத்து வாங்கியது. இந்த வழக்குக் கதையில் இதைவிட என்னைக் கசக்க வைத்தது வேறில்லை.

1963 டிசம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. இரு நகரங்களின் மீதும் நடந்த தாக்குதல் அன்று நடப்பிலிருந்த சர்வதேசச் சட்டத்துக்கு விரோதமானது என்று நீதிமன்றம் சொன்னது; பாதுகாப்பற்ற நகரத்தின் மீதான கண்மூடித்தனமான தாக்குதல் என்பது ஒரு காரணம், தேவையற்ற துன்பம் விளைவித்தது மற்றொன்று. ஆனால் தனிமனிதர்கள் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழியில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. உதவ வேண்டியது நாடாளுமன்றமும் அரசும்தான் என்று சுட்டிக்காட்டி, அரசியலின் வறுமையை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள்.

டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் தனித் தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாவினோத் பாலும் அணுகுண்டு முடிவைக் கடுமையாகச் சாடியிருந்தார். அவர் எழுத்தை, ஜப்பான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று நிறுவ விரும்புகிறவர்கள் இன்றுவரை கையில் எடுக்கிறார்கள். ஜப்பானின் போர் மாண்டவர்களுக்கான யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். நாகசாகியைக் கண்டிக்கிற நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். சீனாவின் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையையும் சயாம் ரயில் பாதையில் நடந்ததையும் நாகசாகி கழுவிவிடாது.

2016 மே மாதம் பராக் ஒபாமா ஹிரோஷிமாவுக்குச் சென்றார். பதவியில் இருக்கும்போது நாகசாகிக்குச் சென்ற அமெரிக்க அதிபர் எவரும் இல்லை. 2024 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில், அணுகுண்டில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்க்யோ சார்பில் நோபல் அமைதிப் பரிசு உரையை நிகழ்த்தியவர் தெருமி தனாகா. நாகசாகியில் குண்டு விழுந்தபோது அவருக்கு வயது 13. உறவினர்களில் ஐவரை இழந்தார். இறந்தவர்களுக்கு ஜப்பானிய அரசு எந்த இழப்பீடும் கொடுக்கவில்லை என்று உரையில் இருந்ததைப் படித்தவர், எழுதிவைத்த உரையைத் தாண்டி அதையே இன்னொரு முறை அழுத்திச் சொன்னார். குண்டு வீசிய அரசு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. போரைத் தொடங்கி, சரணைத் தள்ளிப்போட்டு, பின் நீதிமன்றத்தில் கைவிட்ட அரசு, பிழைத்தவர்களுக்கு மருத்துவ உதவியும் படிகளும் வழங்குகிறது. 1945இல் மாண்டவர்களுக்கான கணக்கை அது இன்னும் திறக்கவில்லை.